பண்ணை விசாரிப்பும் பணித்திறனும்: முக்கூடற்பள்ளு வழி ஓர் ஆய்வு

பல்கலைக்கழக அலுவலரின் திறனை வரையறுக்கும் முயற்சி அண்மை ஆண்டுகளில் நம் நாட்டிற் பெருகிவருகின்றது. ஒவ்வொரு பணிக்கும் இன்ன அறிவு, இன்ன பயிற்சி, இன்ன மனப்பாங்கு வேண்டும் என்று வகுத்து நிரல்படுத்திய ஏட்டைத் ‘திறன் சட்டகம்’ எனலாம். ஆசிரியரல்லாப் பணியாளரைத் தேர்தல், பயிற்றல், உயர்த்தல் ஆகிய மூன்றும் அவ்வேட்டின்படியே நிகழவேண்டும் என்பது அதனை வகுப்பாரின் கோட்பாடு. இது நிருவாகவியலார்க்குரிய ஆராய்ச்சி ஆயிற்றே, தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என வினவலாம். சட்டகம் என்பது சொற்களால் ஆயது. வினை செய்வான் ஒருவனைச் சொல்லால் அளக்கும் முயற்சி அது. அத்தகைய முயற்சியை நம் முன்னோர் பலகாற் செய்து பார்த்துள்ளனர். சிலவிடத்து வென்றனர், சிலவிடத்துத் தவறினர். அவ்வெற்றியையும் தவற்றையும் நூல்வழி ஆராய்வதற்கு நம்மினும் உரியார் யாவர்?

இக்கோட்பாட்டின் பிறப்பை முதற்கண் சுருங்கக் கூறுதும். அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்கிளெலண்டு 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுத்தேர்விற் பெறும் மதிப்பெண் ஒருவர் தொழிலில் விளங்குவார் என்பதற்குச் சான்றாகாது என்பது அதன் கருத்து. அந்நாட்டு அயலுறவுத்துறையின் செய்தி அலுவலரைத் தேர்ந்தெடுக்க வரலாறு, பொருளியல், மொழி முதலியவற்றில் எழுத்துத் தேர்வு நடந்துவந்தது. அத்தேர்வில் மேம்பட்டார் அயல்நாடுகளிற் பணியில் மேம்பட்டாரல்லர் என்று கண்ட அவர், பணியிற் சிறந்தார் எனப் பெயரெடுத்தவரையே அணுகித் தாம் செய்த வினைகளை நிகழ்ந்தவாறே கூறச் செய்தார். அக்கதைகளில் எழுத்துத் தேர்வு அளவாத பண்புகள் வெளிப்பட்டன. பிறநாட்டார் சொல்லாமல் விட்டதைக் கேட்டறியும் செவியும், வந்த ஊரில் யார் சொல் யாரிடம் செல்லும் என்பதை விரைந்து உணரும் ஆற்றலும் அவற்றுட் சில. நிகழ்ச்சிவழி ஆராயும் இம்முறைக்கு ஃபிளானகன் என்பார் 1954-இல் எழுதிய கட்டுரை முன்னோடி. பின்னர் 1982-இல் பாயட்சிசும் 1993-இல் இசுபென்சர் இருவரும் இதனைப் பெருநூல்களாக விரித்தனர். இந்திய நடுவணரசு 2020 செப்டம்பர் 2-இல் ஒப்புதல் அளித்த ‘கர்மயோகி’ இயக்கம், விதியை நோக்கும் பணி என்னும் நிலையினின்று பொறுப்பை நோக்கும் பணி என்னும் நிலைக்கு அரசு ஊழியரைக் கொணர்தலே தன் நோக்கம் என்கின்றது.

பல்கலைக்கழகங்களில் இதன் நிலை விந்தையானது. ஆசிரியர்க்கும் நூலகர்க்கும் உடற்கல்வி இயக்குநர்க்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகள் உள. தேர்வுப் பிரிவில் மதிப்பெண் ஏடு எழுதுவார், ஆய்வகத்தில் கருவி பேணுவார், பதிவறையிற் கோப்பெடுத்துக் கொடுப்பார் ஆகியோர் அவ்விதிகளின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். அவர்க்குக் கல்வித்தகுதியும் பணிமூப்புமே அளவுகோல்.

தேர்ந்தபின் வேறுபடுதல் என்னும் உண்மையைத் திருக்குறள் நன்கறியும். தெரிந்து தெளிதல் என்னும் 51-ஆம் அதிகாரமும் தெரிந்து வினையாடல் என்னும் 52-ஆம் அதிகாரமும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று. முன்னது ஆளை ஆராய்வது; பின்னது ஆராய்ந்து தெளிந்தாரை வினையில் நிறுத்தி ஆள்வது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு சோதனைகளை முன்னதன் தொடக்கத்தில் வைத்த ஆசிரியர், பின்னதன் நடுவில் அச்சோதனைகளில் தேறியாரும் வினையிற் புக்கபின் வேறாதல் உண்டு என்னும் கருத்தை வைக்கின்றார். தாம் கூறிய அளவுகோலின் குறையைத் தாமே உரைக்கும் நேர்மை இது. மெக்கிளெலண்டு 1973-இற் கண்டதும் இதுவே என்று பெருமை பேசுதல் எளிது. அது ஆராய்ச்சி ஆகாது. வள்ளுவர் அரசன் நிலையில் நின்று பேசுகின்றார். வினை கொண்டான் அவ்வினையை எங்ஙனம் அறிகின்றான், அவன் வாயால் அது எங்ஙனம் ஒலிக்கும் என்பன குறளின் நோக்கத்துள் அடங்கா.

கல்வெட்டுச் சான்று ஒன்றும் நினைக்கத்தக்கது. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறித்த இரு கல்வெட்டுகள் ஊர்வாரியங்கட்கு ஆள் எடுக்கும் நெறியை உரைப்பன. இறை செலுத்தும் நிலம், தன்மனையில் எடுத்த வீடு, வேதப்பயிற்சி, வயது என்பன தகுதிகள். இவற்றினும் அரியது விலக்குப் பகுதி: முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். தகுதிகளெல்லாம் ஒருவன் உடைமையையும் பிறப்பையும் கல்வியையும் நோக்க, இவ்வொரு விலக்கு மட்டும் அவன் செய்த வினையை நோக்குகின்றது. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை ஈராண்டு கழித்து 35 முதல் 70 வரை என மாறியிருத்தலையும் நோக்குக. சட்டகம் எழுதியவர் அதனை நடத்திப் பார்த்துத் திருத்தினர் என்பது புலனாம். ஆயினும் அது அந்தணர் சபையின் விதி. நிலமில்லாதார்க்கு அங்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை.

நிலமில்லாத வினைஞனை நடுவே நிறுத்திப் பாடிய இலக்கியம் பள்ளு. அவ்வகையுள் தலைசிறந்தது முக்கூடற்பள்ளு. ஆசிரியர் பெயர் உறுதிப்படவில்லை. காலம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது பலர் துணிபு. இந்நூலின் முக்கூடல், பொருநையொடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரி என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. சேரன்மாதேவிக்கு மேற்கே பொருநைக் கரையில் இன்று முக்கூடல் எனப் பெயர் தாங்கிப் பீடித்தொழிலாற் பெயர்பெற்ற ஊர் வேறு. மாணவர் பலர் இவ்விரண்டையும் மயங்கக் கண்டதனால் ஈண்டுக் குறித்தேன். பள்ளர் என்னும் சொல் நூற்பெயரளவிலும் பாத்திரப் பெயரளவிலுமே இக்கட்டுரையில் வரும். அம்மக்களுட் பல பிரிவினர் 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்வழித் தேவேந்திரகுல வேளாளர் எனப்படுகின்றனர். நூலுள் வழங்கும் குடும்பன் என்னும் பெயரையே யான் பெரிதும் ஆள்வேன்.

பள்ளின் கதை எளிது. முக்கூடலில் எழுந்தருளிய அழகருடைய வயலை உழும் குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தாள் முக்கூடலாள், திருமால் அடியாள். இளையாள் மருதூராள், சிவனடியாள். மழை பெய்து ஆறு பெருகிய காலத்துப் பண்ணைத் தலைவன் வருகின்றான். கணவன் இளையாள் வீட்டிற் கிடந்து வயலை மறந்தான் என மூத்தாள் முறையிடுகின்றாள். பண்ணைச் செயலைத் தலைவன் வினவ, குடும்பன் விடை கூறுகின்றான். எருவிற்காக ஆட்டுக்கிடை வைக்க ஆயரை வருவிக்கின்றனர். குடும்பனோ கிடையில் இருந்தவன்போல வந்து நிற்கின்றான். பொய் வெளிப்பட, தொழுவில் மாட்டப்படுகின்றான். முறையிட்ட மூத்தாளே சோறு கொணர்கின்றாள். அவளே அவனை மீட்கவும் வேண்டுகின்றாள். பின்னர் விதை வகை, மாட்டு வகை, ஏர் வகை கூறுதல், உழுதல், காளை வெருண்டு குடும்பனைப் பாய்தல், அவன் எழுந்து விதைத்தல், நடவு, விளைவு, நெல்லளத்தல், மீண்டும் மூத்தாள் முறையீடு, மனைவியர் ஏசல், இணக்கம் எனக் கதை செல்லும். பிரபந்த இலக்கணம் உரைத்தாரும் பள்ளிற்கு இவ்வுறுப்புகளையே ஏறத்தாழ இந்நிரலில் வைத்தனர்.

இவ்வுறுப்புகளை நகைச்சுவைக் கூத்தின் படிகள் என்றே பலரும் கொண்டனர். யான் வேறுவகையில் நோக்குகின்றேன். வினவல், அறிக்கை, முறையீடு, ஒறுத்தல், மீட்பு, மறு அறிக்கை, வினை, அளவை என்னும் இவை ஒரு வினையாண்மை முறையின் படிகளும் ஆம். மேலாளன் ஒருவன் கீழ்ப்பணியாளன் ஒருவனை அளக்கும் முறை முழுவதும் இங்கே நாடகமாக நிற்கின்றது. அவ்வளவையில் எது சரியாயிற்று, எது பிழையாயிற்று என்பதையும் புலவர் மறைக்கவில்லை.

முதலாவது, பொய்யறிக்கை. குடும்பன் வினை செய்யாது வினை செய்தவன்போல வந்து நின்றான். இது குறும்பு எனக் கொண்டு கடத்தல் கூடாது. வினவுவான் வயலைத் தான் காணாது அறிக்கையையே கேட்கும் இடத்தில் இந்நடிப்பு விளையும். பண்ணைத் தலைவன் வரவை நகைதோன்றப் பாடும் புலவர் அவன் உருவை எள்ளுகின்றாரே அன்றி, அவனுக்கு வயலறிவு உண்டு என்று ஓரிடத்தும் சிறப்பித்திலர். அறியாதான் வினவுகின்றான், அறிந்தான் நடிக்கின்றான். பல்கலைக்கழகங்களில் ஆண்டிறுதித் தன்மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பியோர் இந்நிலையை எளிதில் அறிவர். ‘குழுவுணர்வு உடையேன்’, ‘முனைப்புடையேன்’ என்று எழுதுதல் கிடையில் இருந்தான்போல வருதலே. அத்தொடர்களை எழுதுவார்மேற் குற்றமில்லை; எழுதச் செய்யும் ஏட்டின்மேல்தான் குற்றம்.

இரண்டாவது, உண்மையறிக்கை. தொழுவினின்று மீண்ட குடும்பன் விதை, மாடு, ஏர் ஆகியவற்றின் வகைகளை அடுக்குகின்றான். இப்பகுதியைப் பெயர்ப்பட்டியல் என்று இகழ்ந்து கடப்பவர் பலர். ஊன்றி நோக்கின், நூலின் அறிவு முழுவதும் இங்கேதான் குவிந்துள்ளது. மாட்டுப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். கூடுகொம்பன் என்னும் பெயர் கொம்பின் வளைவைக் காட்டும். மோழை கொம்பின்மையைக் காட்டும். செம்மறையன் நிறத்தையும் புள்ளியையும் காட்டும். வேறு சில செவியையும் குளம்பையும் நடையையும் காட்டும். எம்மாடு எம்மண்ணிற்கு ஆம், எது நுகத்திற்கு அடங்கும், எது வெருளும் என்பன அறிந்தான் வாயிலன்றி இப்பெயர்கள் பிறவா. பெயரிடும் நுண்மையே வினையறிவின் சான்று. குடும்பனை நோக்கி ‘நினக்கு என்ன திறன் உண்டு?’ என வினவினால் அவன் விடையிறுக்க இயலாது விழிப்பான். ‘கொட்டிலில் என்ன நிற்கின்றது?’ என வினவினால் அவன் நாள் முழுதும் உரைப்பான்.

இக்கருத்தை யான் முதலில் உணர்ந்தது நூலில் அன்று. ஆய்வு மாணவனாக இருந்த காலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவறைக்குப் பழைய ஆய்வேடு ஒன்றைத் தேடிச் சென்றேன். அட்டவணையில் அஃது இல்லை. அலுவலர் மூவர் இல்லை என்றே கூறினர். கடைநிலை ஊழியர் ஒருவர், ‘அது எந்த வருசத்து பைண்டிங் தம்பி? சிவப்பு முதுகா, பச்சை முதுகா?’ என்று கேட்டார். சிவப்பு என்றேன். அவ்வாண்டுச் சிவப்பு முதுகு ஏடுகள் மழையில் நனைந்தமையால் மாடிப்படிக்குக் கீழுள்ள பெட்டிக்குச் சென்றன என்று கூறி, கால்மணியில் எடுத்துவந்தார். அவருடைய பணிப்பதிவேட்டில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்பதன்றி வேறொன்றும் இருந்திராது. அவர் ஓய்வுபெற்ற நாளில் அவ்வறிவும் அவரோடு வீட்டிற்குப் போயிற்று.

மூன்றாவது, காளை பாய்தல். வகையும் பெயரும் அறிந்த குடும்பனையே காளை முட்டி வீழ்த்துகின்றது. அறிவு மிக்கானுக்கு இது நேர்வது ஏன்? உழவு தொடங்கிய பிறகு எழும் இடர் எந்த நிரலிலும் அடங்காது என்பதனாலெனக் கொள்வதே பொருந்தும். அவன் வீழ்ந்தமையைவிட, தெளிந்து எழுந்து விதைத்தமையும் அதனைப் பண்ணைத் தலைவற்கு அறிவித்தமையும் கருதத்தக்கன. தேர்வு முடிவு வெளியிடும் நாளிற் கணிப்பொறி முடங்கினால் தேர்வுப் பிரிவினர் என் செய்வர் என்பது, அவர் எத்தனை பயிற்சிச் சான்றிதழ் வைத்துள்ளார் என்பதைவிடப் பெரிய வினா. நிகழ்ச்சிவழி ஆராய்வார் இத்தகைய நாள்களைப் பற்றியே கேட்கின்றனர். முறை நல்லதே. ஆனால் நாட்டில் வழங்கும் சட்டகங்கள் பல நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தொகுத்தபின் நிகழ்ச்சிகளை எறிந்துவிட்டுப் பண்புப்பெயர்களை மட்டும் வைத்துக்கொள்கின்றன. கொட்டிலை விட்டு ‘மாட்டறிவு’ என்னும் சொல்லை எடுத்துச் செல்வது போன்றது அது. ‘நேர்மை’, ‘பொறுப்பு’, ‘ஒத்துழைப்பு’ என்னும் சொற்கள் பதிவாளருக்கும் பொருந்தும், வாயிற்காவலருக்கும் பொருந்தும். ஆகவே ஒருவரையும் காட்டா.

நான்காவதும் பெரிதுமானது மூத்தாளின் முறையீடு. குடும்பன் வினையின்மையை முதலிற் கண்டவள் அவள். நெல் அளந்தபின் தனக்கு வந்த பங்கின் குறையைக் கண்டவளும் அவளே. நடவு நட்ட மகளிரின் உழைப்பின்றி வயல் இல்லை. பள்ளிற்கு உழத்திப்பாட்டு என்றும் ஒரு பெயர் உண்டு என்பதைப் பாட்டியல் கற்றார் அறிவர்; அப்பெயர் உழவனைச் சுட்டாது உழத்தியைச் சுட்டுகின்றது. ஆயினும் பண்ணைத் தலைவனின் அளவையில் அவளுக்கு இடமில்லை. அவள் சொல் முறையீடாகவே நிற்கின்றது. சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது ஒறுத்தலுக்கு மட்டும். பணியாளர் திறனை வரையறுக்கும் குழுக்களில் இன்று அமர்வோர் யாவர்? துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து வரும் மேலாண்மை வல்லுநர். தற்காலிகச் சான்றிதழுக்காக நாங்குநேரியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பேருந்தேறி வந்து, தந்தையின் பெயரில் ஓரெழுத்து வேறுபட்டமையால் திரும்பிச் செல்லும் மாணவியிடம் எவரும் கேட்பதில்லை. எவ்வலுவலர் அவ்வோரெழுத்தை அன்றே திருத்தித் தந்தார், எவர் மறுவாரம் வரச் சொன்னார் என்பதை அவளினும் நன்கு அறிந்தார் இலர். நெல்லைப் பகுதியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் நிறுவப்பட்டதன் பயன்களுள் ஒன்று, தேர்வுத்தாள் ஒன்றிற்காக இம்மாவட்ட மாணவர் மதுரைக்குச் செல்லவேண்டிய நிலை நீங்கியதாகும். தூரம் குறைந்தது. காத்திருப்பு எத்தனை குறைந்தது என்பதை மாணவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வாறு கூறுங்கால் ஒரு தடை எழும். பள்ளு நிலவுடைமைக் காலத்து இலக்கியம். உழைப்பாளியை நகைப்பொருளாக்கி, தொழுவில் மாட்டி, இரு மனைவியர் சண்டையால் அவனை இழிவுபடுத்தி, நிலமுடையார் கேட்டு மகிழப் பாடியது. அதிலிருந்து பணியாளர் நெறி காண்பது பொருந்துமோ என்பர். தடை வலிது. யான் அதனை மறுக்கவில்லை. குடும்பனின் திறன் எத்துணை விரிந்ததாயினும் அது அவனை ஒருபடியும் உயர்த்தவில்லை என்பது நூலறிந்த உண்மை. மாட்டின் செவியையும் அறிந்தவன் பண்ணைத் தலைவன் ஆகான். பண்ணைத் தலைவன் மாட்டை அறியாமையால் பதவி இழக்கவும் மாட்டான். திறனுக்கும் உரிமைக்கும் இடையே புலவர் பாலம் ஒன்றும் அமைத்திலர். அவ்வாறு அமைக்கும் காலமும் அன்று. ஆனால் இக்குறையை நூலின்மேல் மட்டும் ஏற்றி நாம் தப்புதல் தகுமோ? திறனை நுணுகி அளந்து, அளந்தபின் உயர்வை மட்டும் பணிமூப்பிற்கும் பட்டத்திற்கும் விடும் சட்டகம் முக்கூடற் பண்ணையின் கணக்கையே புதிய தாளில் எழுதுகின்றது. நாட்கூலி முறையிலும் ஒப்பந்த முறையிலும் ஆண்டுகள் பல பணிசெய்வாரைத் திறன்வரைவில் சேர்த்துப் பணிநிலைப்பில் சேர்க்காமை இதனினும் கொடிது. தொழு இன்று மரத்தால் ஆயது அன்று. மதிப்பீட்டுக் குறிப்பும் பணிநீட்டிப்பு மறுப்பும் அவ்வேலையைச் செய்கின்றன.

மற்றொரு தடையும் உண்டு. குடும்பன் உண்மையிலேயே கடமை தவறினான்; அவனை ஒறுத்தது முறையே என்பர் சிலர். அவன் தவறினான் என்பது மெய். ஆயினும் ஒறுத்தலால் அவன் திருந்தினான் என்று புலவர் கூறவில்லை. மூத்தாளின் சோறும் அவன் அவளிடம் செய்த சூளும் அவனை வயலுக்கு மீட்டன. தண்டனைக்கும் உழவுக்கும் நடுவே ஓர் உறவு நிற்கின்றது. இந்நுட்பத்தைப் பள்ளு ஆய்ந்தார் போதிய அளவு எடுத்துரைத்திலர் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் மூத்த கண்காணிப்பாளர் ஒருவர் புதிதாய் வந்த இளநிலை உதவியாளரைத் தம் மேசையருகே இருத்தி, கோப்பின் முதற்குறிப்பு எழுதுவது முதல் கையொப்பத்திற்கு அனுப்புவது வரை பிழை திருத்திப் பழக்கிய வழக்கம் ஒன்று இருந்தது. அதனை எந்தச் சட்டகமும் ஒரு திறனாக எண்ணியதில்லை. பிறரைப் பழக்கும் ஆற்றலை உடையார் யாவர் என்று தேடின், பல பிரிவுகளில் அவர் பதவியாற் பெரியவராக இரார்.

இனிச் சட்டகம் எழுதப் புகுவார்க்குப் பள்ளு காட்டும் வழி ஒன்றைக் கூறி முடிப்பேன். பணியாளரை அழைத்து அவர்தம் பண்பைக் கேளற்க. அவர் கொட்டிலைக் கேட்க. தேர்வுப் பிரிவினரிடம் எத்தனை வகையான விண்ணப்பப் பிழைகள் வருகின்றன என்று கேட்டால், அவர் தாமே இட்ட பெயர்களுடன் நாற்பதோ ஐம்பதோ உரைக்கக்கூடும். ஆய்வக உதவியாளரிடம் எக்கருவி எக்காலத்தில் முரண்டுபிடிக்கும் என்று கேட்க. நூலக ஊழியரிடம் எந்நூலை யார் எவ்வாறு மறைத்து வைப்பர் என்று கேட்க. அவர் வழங்கும் பெயர்களை மேலாண்மை மொழிக்கு மாற்றாமல் அவ்வாறே ஏட்டில் எழுதுக. அதே கேள்விகளைப் பிரிவுத் தலைவரிடமும் கேட்டு, இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைக்க. எதில் எத்தனை பெயர் குறைகின்றது என்று பார்த்தால், பண்ணைத் தலைவன் முதன்முறையாக அளக்கப்படுவான்.